இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பல்லி

போன கிழமை எங்கள் வீட்டு யன்னலுக்குள் ஒரு பல்லி அகப்பட்டுவிட்டது.

யன்னலில் அல்ல. யன்னலுக்குள். வெளியே ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு கண்ணாடி, நடுவில் பல்லி. அதெப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்ல வேண்டுமென்றால் நோர்வேயில் இருந்து தொடங்க வேண்டும்.

நோர்வேயில் என் அண்ணை இருக்கிறார். மீசை முளைத்த கையோடு போனவர், இப்போது மீசை நரைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு ஒருதடவை மச்சாளையும் – அதாவது தன் மனைவியையும் – கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் அளவெட்டிக்கு வருவார். வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவார். எங்கள் கிணற்றில் குளிப்பார். பொழுதுபட்டதும் ஒரு வாடகை வானைப் பிடித்து, யாழ்ப்பாணம் ரவுணில் உள்ள ஹோட்டலுக்குப் படுக்கப் போய்விடுவார்.

உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது. எங்கள் ஊரில் இது ஒரு செய்தி.

"கொண்ணை ஹோட்டலிலையாமே?" என்று சந்தையில் கேட்பார்கள். கொண்ணை என்றால் உன் அண்ணை. கோயிலில் கேட்பார்கள். கேட்கிறவர்களின் முகத்தில் பெரிய கவலை இருக்கும். அந்தக் கவலைக்குள்ளே சின்னதாக ஒரு சந்தோஷமும் இருக்கும்... தமையனுக்கும் தங்கச்சிக்கும் ஏதோ சரியில்லை. என்னவாக இருக்கும்? வேறென்ன, காணிதான்!

காணியும் இல்லை, பூமியும் இல்லை. அண்ணை சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று சூடு. மற்றது சத்தம். சூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சத்தம் என்பது கோயில் ஒலிபெருக்கி. எங்கள் வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோயில். திருவிழா ஒன்றில் முடிய மற்றதில் கொடியேறும். நாதஸ்வரமும் தவிலும் எங்கள் ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஸ்பீக்கரை எங்கள் வேலிப் பக்கமாகத் திருப்பிக் கட்டினால், அந்தப் பெருமை விடியற்புறமே தலையணைக்குள் வந்துவிடும். பனி விழுகிற சத்தத்தில் படுத்துப் பழகிய மனுஷன் என்ன செய்வார்?

"அண்ணை, நீங்கள் இங்கேயே நில்லுங்கோ" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் நான் கதைக்கிற கதையைப் பார்த்து, பெரிய வாயாடி என்று என்னை நினைத்திருப்பீர்கள். நேரில் கண்டால் ஏமாந்துபோவீர்கள். எழுதுவதெல்லாம் வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான்.

நான் மட்டும் என்றில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் 'நில்லுங்கோ' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகக் கொமட் பூட்டுவோம். சுடுதண்ணி வருகிற குழாய் பூட்டுவோம். ஏ.சி. பூட்டுவோம். வருகிறவர்கள் அதைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொமட்டும் ஏ.சி.யும் போன முறையே பூட்டியாயிற்று. அண்ணை அப்படியும் விளங்கிக்கொள்ளவில்லை.

இந்த முறை அவர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், போனில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார் – உந்தப் பழைய மர யன்னல்தான் பிரச்சினை, அங்கையெல்லாம் வீட்டு யன்னலுக்கு டபிள் கிளாஸ், வெளியிலை லொறி போனாலும் உள்ளே கேளாது, ஏ.சி. குளிரும் வெளியே போகாது என்று. அவர் சும்மாதான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். யன்னல் மாற்றினால் அண்ணை வீட்டில் நிற்பார்!

எங்கள் முன் அறை யன்னல் நல்ல வேப்ப மரத்தில் செய்தது. மேலே ஒரு சோடிக் கதவு, கீழே ஒரு சோடிக் கதவு, நடுவில் இரும்புக் கம்பி. பார்வைக்குப் பாரமான யன்னல்தான். ஆனால் மூடினாலும் மூடியதாகாது. இடுக்குகள் வழியே வெளிச்சம் வரும், எறும்பு வரும், பக்கத்து வீட்டில் என்ன பொரிக்கிறார்கள் என்ற விபரம் வரும்.

ஓடாவியாரைக் கூப்பிட்டோம். தச்சு வேலைக்கு எங்கள் ஊரில் அவர்தான். வேப்ப மரத்தில் கைவைக்க அவருக்கு மனமே இல்லை. கண்ணாடியை ஒரு யன்னல் என்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நிலையும் கம்பியும் அப்படியே இருக்கட்டும், கதவுகளை மட்டும் கழற்றுவது. கம்பிக்கு வெளிப் பக்கம் ஒரு கண்ணாடி, உட்பக்கம் ஒரு கண்ணாடி. விளிம்பு முழுக்கச் சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிடுவது.

வேலையை அண்ணை நோர்வேயில் இருந்தபடியே வீடியோவில் மேற்பார்வை செய்தார். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வேர்வை வழிய நிற்கிற எங்களுக்கு, குளிர் எந்த வழியால் உள்ளே வரும் என்று விளங்கப்படுத்தினார். ஓடாவியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என்னிடம், "பிள்ளை, குளிர் உள்ளுக்கை வந்தா நல்லதெல்லோ?" என்றார்.

அண்ணையின் கட்டளை ஒன்றே ஒன்று. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் காற்றுப் புகக் கூடாது. ஒரு ஊசி ஓட்டை கூட இருக்கக் கூடாது.

வெளிக் கண்ணாடி பிரச்சினை இல்லாமல் ஏறிவிட்டது. உள் கண்ணாடி பூட்டுகிற நாளில்தான் வினை வந்தது. வினை என்றால் என் கணவர்தான். இவர் பஞ்சாங்கத்தைக் கேளாமல் தலைமயிர் கூட வெட்டமாட்டார். ஓடாவியார் உள்ளுக்குள் எல்லாம் துடைத்து, ஆறுதலாகக் கண்ணாடியைத் தூக்கப் போகிற நேரம், "ராகு காலம் தொடங்கப் போகுது, அதுக்கு முன்னம் பூட்டிப்போடுங்கோ" என்றார் இவர். ஓடாவியாரும் அதில் இவருக்கு இளைத்தவர் இல்லை. துணியை எறிந்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினார். இவர் ஒரு பக்கம், ஓடாவியார் ஒரு பக்கம். அவசர அவசரமாகப் பசை பூசி, சட்டம் அடித்து, ராகு காலத்தை வென்றுவிட்டார்கள்.

வென்ற சந்தோஷத்தில் நிலையின் மேல் மூலையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அடுத்தநாள் காலை கட்டிலுக்குப் புது விரிப்பு விரிக்கப் போனேன். யன்னல் பளபளவென்று இருந்தது. உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பல்லி. மறியலில், சிறைக் கம்பிக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்க்கப் போனால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படியே என்னைப் பார்த்தது.

இவரைக் கூப்பிட்டேன். இவர் ஓடாவியாருக்குப் போன் எடுத்தார். பசை இறுகிவிட்டது, இனிக் கழற்றினால் கண்ணாடி வெடிக்கும், வேறு கண்ணாடி வெட்டி எடுக்க நாள் பிடிக்கும் என்றார் அவர். பல்லியைப் பற்றிக் கேட்டதற்கு, அது தன்ரை பாட்டிலை கிடக்கும் என்றுவிட்டு வைத்துவிட்டார். அண்ணை அந்த நேரம் ஆகாயத்தில் வந்துகொண்டிருந்தார்.

பல்லிதானே, போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் ஏதாவது சொல்லும்போது பல்லி சத்தமிட்டால், சொன்னது நடக்கும் என்று கதிரையைத் தட்டுகிற ஆட்கள் நாங்கள். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பிழையான திசையில் சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து இருப்போம். அப்படிப்பட்ட சீவன், அதுவும் அண்ணை படுக்கிற அறையில், அவருடைய கண்ணுக்கு முன்னால், கண்ணாடிக்குள் கிடந்து சாவதா?

"ராகு காலத்துக்கு முன்னம்தானே பூட்டினது... ஒண்டும் நடக்காது" என்று இவர் சொன்னார். சொன்ன குரலில் பலம் இல்லை.

பல்லி சாகக் கூடாது. கண்ணாடி உடையக் கூடாது. அண்ணை ஹோட்டலுக்குப் போகக் கூடாது. மூன்றையும் ஒன்றாக எந்தக் கோயிலில் போய்க் கேட்பது? நான் ஒரு தடித்த சேலையை எடுத்து யன்னலுக்குத் திரையாகக் கட்டிவிட்டேன். கூச்சக்காரர்கள் எல்லாப் பிரச்சினைக்கும் கண்டுபிடிக்கிற தீர்வு அதுதான் – மூடிவைப்பது.

மத்தியானம் அண்ணையும் மச்சாளும் வந்து இறங்கினார்கள்.

அண்ணையிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் எதையும் கேட்டுத்தான் செய்வார். செருப்பை இங்கே விடட்டோ? ஃபானைப் போடட்டோ? ஃபிரிட்ஜுக்குள் தண்ணி இருக்கோ, எடுக்கலாமோ? நானும் இவ்வளவு காலமாக அது நோர்வேப் பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்களாமே!

அறைக்குள் போனதும் அவருக்கு யன்னலைச் சோதிக்க வேண்டும். என் கணவரை முற்றத்துக்கு அனுப்பினார். இவர் வெளியே நின்று அண்ணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்கவில்லை. கையைக் குவித்து வாயில் வைத்துக் கூப்பிட்டார். கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. திரை ஏன் இவ்வளவு தடிப்பு என்று மட்டும் கேட்டார். வெயிலுக்கு என்றேன்.

ஏ.சி. போட்டு, தேத்தண்ணியும் குடித்தாயிற்று. நான் மனதுக்குள் வென்றுவிட்டேன் என்று இருக்கிற நேரம் அண்ணை கோப்பையை வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ரெண்டு நாள் இஞ்சை நிப்பம். பிறகு ரவுணுக்குப் போறம். உங்களுக்கும் கரைச்சல்தானே."

சூடு இல்லை. சத்தம் இல்லை. பிறகும் ஹோட்டல்!

அதே நேரம் பார்த்து மச்சாள், வெளிச்சம் போதாது என்று எழும்பிப் போய்த் திரையை இழுத்தார்.

பல்லி கம்பியில் நின்றது. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு அதன் தொண்டை அசைந்தது. வால் நுனி ஆடியது. பார்த்தால் எவருக்கும் தெரியும் – பல்லி சொல்கிறது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

மச்சாளின் முகம் மாறிவிட்டது. "இஞ்சேருங்கோ, பல்லி சொல்லுது. நீங்கள் ரவுணுக்குப் போறம் எண்டு சொல்ல, அது சொல்லுது."

"கேக்கேல்லையே," என்றார் அண்ணை.

"அது சொல்லுது. எங்களுக்குத்தான் கேக்கேல்லை."

மச்சாள் கண்ணாடியில் காதை வைத்தார். அண்ணை மற்றப் பக்கம் காதை வைத்தார். சொன்னதா, சொல்லவில்லையா? போகச் சொன்னதா, போகாதே என்றதா? என் கணவர் மெதுவாகத் திசை பார்க்கத் தொடங்கினார்... கிழக்குப் பக்கம் நின்று சொன்னால் ஒரு பலன், ஆனால் சத்தம் வராமல் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போடவில்லையாம்.

அண்ணை காதை எடுத்துவிட்டு யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல டபிள் கிளாஸ்தான். பல்லியின்ரை வாயையே கட்டிப்போட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மச்சாள் தொப்பென்று கட்டிலில் இருந்துவிட்டார். நோர்வேயில் ஒரு பல்லி கிடையாதாம். பிள்ளைகளின் படிப்பு, வீடு வாங்கினது, மகளின் கலியாணம் எல்லாவற்றையும் ஒரு பல்லியின் சொல்லும் இல்லாமல் தாங்களே முடிவெடுத்தார்களாம். "பயந்து பயந்துதான் எடுத்தனாங்கள்," என்றார். பிறகு யன்னலைக் காட்டி, "உது செத்துப்போகும். நான் இந்த அறையிலை படுக்கமாட்டன்," என்றார்.

அண்ணை சொன்ன அந்த இரண்டு நாளும் கைவிட்டுப் போயிற்று. அன்றைக்கே ஹோட்டல்!

நான் எப்படி நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் தன் பங்குக்குப் பெருமூச்சுவிட்டார். அண்ணை அதற்குள் இவர் பக்கம் திரும்பிவிட்டார். "மச்சான், சுத்தியல் இருக்கோ?" என்றார் இவரிடம். இவர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை ஒரு துவாயை நாலாக மடித்து, உள் கண்ணாடியின் கீழ் மூலையில் வைத்துப் பிடித்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை... உடைக்கட்டோ? உன்ரை வீடு."

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. அண்ணை பிறந்த வீடு, அவர் குளிருக்குள் நின்று உழைத்து ஓடு மாற்றிய வீடு, என் கலியாணத்தோடு சீதனமாக என் பேரில் எழுதப்பட்டது. எழுதிக் கொடுக்கச் சொன்னவரே அவர்தான். அன்றில் இருந்து இது தங்கச்சி வீடு. தங்கச்சி வீட்டில் சாப்பிடலாம், குளிக்கலாம். சட்டையைக் கொழுவிவிட்டு நாள்கணக்கில் கிடக்கலாமோ? கிடந்தால் மச்சான் என்ன நினைப்பார்?

செருப்பு, ஃபான், ஃபிரிட்ஜ்... அது நோர்வேப் பழக்கம் இல்லை. சுத்த யாழ்ப்பாணப் பழக்கம். சூட்டையும் சத்தத்தையும் நான்தான் நம்பியிருக்கிறேன்.

கூச்சக்காரர்கள் வாய் திறந்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. அன்பாகச் சொல்ல நினைப்பது ஏச்சுப் பேச்சாக வந்து விழும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

"நீங்கள் பிறந்த அறை இது. உடைக்கிறதெண்டா உடையுங்கோ. என்னட்டை என்னத்துக்கு எல்லாத்துக்கும் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்? நான் ஆர், வீட்டுக்காரியோ?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று. இரட்டைக் கண்ணாடி பூட்டியது நல்லதாகப் போயிற்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிராது. இவர் கூரையைப் பார்த்தார். மச்சாள் என்னைப் பார்த்தார். அண்ணையின் கை இன்னும் மேலேதான் இருந்தது.

"மச்சான் ஒண்டும் நினைக்கமாட்டாரோ?" என்றார் மெதுவாக.

"நான் என்னத்தை நினைக்கிறது, நீங்கள் முதல்லை அந்தச் சீவனைப் பாருங்கோ," என்றார் இவர்.

அண்ணை உடைத்தார். பல்லி வருவதற்கு ஒரு சின்ன மூலை போதும். அவர் பாதிக் கண்ணாடியை உடைத்தார். இத்தனை காலமும் கேட்டுக் கேட்டுச் செய்த மனுஷன்... போகட்டும் என்று நாங்களும் தடுக்கவில்லை.

இனிப் பல்லி பாய்ந்து வெளியே வரும் என்று நினைக்கிறீர்களா? அது வரவில்லை. இருந்த கம்பியில் அப்படியே இருந்தது. நாங்கள் நாலு பேரும் கட்டிலில் வரிசையாக இருந்து அதன் முகத்தைப் பார்த்தோம். கூட்டினோம், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினோம், இன்னொரு தேத்தண்ணி குடித்தோம். அண்ணை ஏ.சி.யை நிற்பாட்டினார், பல்லிக்குக் குளிர் ஒத்துவராதாம். இவருடைய கோப்பையில் சீனி காணாது என்று ஏதோ பேச்சு வந்து, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அது போய்விட்டது. பிறகு பார்த்தால் சுவர் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பின்னேரம் கோயிலில் ஸ்பீக்கர் போட்டார்கள். தவில் அறைக்குள்ளேயே வந்து நின்று முழங்கியது. நான் குசினிக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வானுக்குப் போன் எடுக்கிற சத்தம் கேட்கிறதா என்று. கேட்டது மச்சாளின் குரல்தான்.

"போன முறை நிண்ட ஹோட்டலிலை ஒரு பல்லி கூட இல்லை," என்று அண்ணையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு அதே ஹோட்டலைப் பற்றி அதே வார்த்தையைத்தான் அவர் ஊரெல்லாம் சொன்னவர். அப்போது புகழ்ச்சியாக, இப்போது குறையாக.

அண்ணை ஹோட்டலுக்குப் போகவில்லை. இன்றுவரை முன் அறையில்தான். ஓடாவியார் வந்து பாதி யன்னலைப் பார்த்துவிட்டு, வாயே திறவாமல் பழைய வேப்பங் கதவுகளைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனார். அவருடைய நடையில் ஒரு துள்ளல் இருந்ததாக இவர் சொல்கிறார். ஒலிபெருக்கிக்கு அண்ணை காதுக்குள் பஞ்சு வைக்கிறார். சந்தையில் இப்போது, "கொண்ணை இன்னும் போகேல்லையே?" என்று கேட்கிறார்கள். முகத்தில் அதே கவலைதான்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது.

அண்ணை இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. முந்தநாள் அலுமாரியை மற்றச் சுவருக்கு இழுத்துவைத்தார். நேற்று, நிழல் கூடிப்போச்சு என்று என்னுடைய தேசிக்காய் மரத்தின் பாதியை வெட்டினார். இன்று காலை தண்ணி மோட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறார், குளிக்க வழியில்லை. இவர் என்னைப் பார்க்கிறார். நான் அண்ணையைப் பார்க்கிறேன்.

கொஞ்சம் கேட்டுச் செய்யுங்கோ என்று சொல்லலாம்தான்... எனக்கோ கூச்சம்.